நல்லதண்ணி கேம்பெய்ன்: கேளுங்க, சொல்றேன்

எங்க ‘நல்லதண்ணி’ கேம்பெய்ன் (மாசக்கணக்கா தொடர்ந்து ஆடுற ஒரே கதை) போன மாசம் முடிஞ்சதுல இருந்து ஆளாளுக்கு தனித்தனியா கேட்டுக்கிட்டே இருக்கீங்க, அதான் மொத்தமா உக்காந்து பதில் சொல்லிரலாம்னு. கேட்டவங்க பேருக்குப் பதிலா அவங்க ஊரைப் போட்டிருக்கேன். பாம்பன்ல எங்க வீட்டு மொட்டை மாடி, ஆடுனது அஞ்சு பேரு, பதினாலு மாசம், 31 செஷன், ஜிஎம் (கதையை நடத்துற ஆளு) நான். ரூல்ஸ் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டரா பேசி, பகடை உருட்டி கதை ஆடுற கேம்) அஞ்சாவது எடிஷன், உலகம் மட்டும் எங்களோடது.

பரமக்குடி: அக்கா, நான் டி அண்ட் டி ரெண்டு தடவைதான் ஆடியிருக்கேன். கதை என்னன்னு சுருக்கமா சொல்லுங்களேன்.

ஒரு மணல் கரை, அதுல ஏழு ஊரு. அங்க மந்திரத்துக்கு ‘இழுப்பு’ன்னு பேரு தம்பி. இழுப்புக்காரங்க நல்லவங்க, காய்ச்சல்ல கிடக்குற புள்ளைய எழுப்பி உக்கார வைப்பாங்க, புயல்ல சிக்குன வள்ளத்தை கரைக்கு கொண்டாந்துருவாங்க. யாருக்கும் தெரியாத விஷயம் என்னன்னா ஒவ்வொரு இழுப்புக்கும் மணலுக்கு அடியில கிடக்குற நல்லதண்ணி கொஞ்சம் குறையுது, அதுவும் இழுத்தவன் ஊருல குறையாது, அடுத்த ஊருல குறையும். வில்லன்னு ஒருத்தன் கிடையாது. ஆடுற அஞ்சு பேருமே இழுப்புக்காரங்க.

திருப்புல்லாணி: இந்த ஐடியா எங்க இருந்துக்கா வந்துச்சு?

எங்க அப்பத்தாகிட்ட இருந்துதான். சின்னப்புள்ளையா இருக்கும்போது தனுஷ்கோடி பக்கம் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா அப்பத்தா என்னைய கூட்டிக்கிட்டு ஊத்துக்குப் போகும், மணல்ல கையாலயே பள்ளம் தோண்டி உக்காந்திருக்கும், கொஞ்ச நேரத்துல அடியில தண்ணி கசியும், அதை சிரட்டையால அள்ளி அள்ளி குடத்துல ஊத்தும். கூப்பிடு தூரத்துல கடல் கிடக்கு, இந்தத் தண்ணி மட்டும் இளநி மாதிரி இருக்கும். எப்படி அப்பத்தான்னு கேட்டா “அது மேல மிதக்குதுடி, நோண்டுனா கோவிச்சுக்கும்”னு சொல்லும்.

அது சொன்னது அத்தனையும் நெசம்னு காலேஜ் படிக்கும்போதுதான் தெரிஞ்சுச்சு. மழைத்தண்ணி மணல்ல இறங்கி, கீழ கிடக்குற உப்புத்தண்ணி மேல லென்ஸ் மாதிரி மிதந்துக்கிட்டு நிக்குது. கடல்தண்ணி நல்லதண்ணியை விட ரெண்டரை சதவீதம்தான் கனம் கூட, அதனால கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்லதண்ணி நின்னா அதுக்குக் கீழ சுமார் 40 அடிக்கு நல்லதண்ணி இருக்கும். இதை கைபன், ஹெர்ஸ்பர்க்னு ரெண்டு பேரு கணக்குப் போட்டு வச்சிருக்காங்க. அப்படியே திருப்பிப் பாருங்க: மேல ஒரே ஒரு அடியை உறிஞ்சி எடுத்தா போகப் போக அடியில உப்பு 40 அடி ஏறி வந்துரும். நம்ம கண்ணுக்குத் தெரியுறது அந்த ஒரு அடி மட்டும்தான்.

எங்க தெருவுலயே நடந்துச்சு. ஒரு வீட்டுல போர் போட்டு பெரிய மோட்டார் வச்சாங்க. ரொம்ப நல்ல மனசுக்காரங்க, தெருவுக்கே பைப் இழுத்து விட்டாங்க, நாங்களும் குடம் குடமா பிடிச்சோம், அவங்களை வாழ்த்தாத ஆள் இல்ல. மூணு வருஷம் கழிச்சு நாலு வீடு தள்ளி எங்க சித்தி வீட்டு கிணத்துத் தண்ணியில பருப்பு வேகலை. சித்தி பருப்பு சரியில்லைன்னு கடையை மாத்துச்சு, அடுப்பை மாத்துச்சு, தண்ணியா இருக்கும்னு அதுக்குத் தோணவே இல்ல. யாரைப் போய் குத்தம் சொல்றது? பைப் போட்டவங்க கெட்டது பண்ணலை, தண்ணி பிடிச்ச நாங்களும் கெட்டது பண்ணலை, ஆனா சித்தி கிணறு போச்சு. அந்த நெஞ்சடைப்பைத்தான் நான் கேமா ஆக்கணும்னு நினைச்சேன்.

மண்டபம்: மெக்கானிக்ஸ் வேணும் அக்கா, நம்பரோட.

ஒவ்வொரு ஊரு நல்லதண்ணிக்கும் 40 பாயின்ட், ஜிஎம் ஸ்கிரீனுக்கு (என் முன்னாடி நிக்குற மறைப்பு அட்டை) பின்னாடி ஒரு தாளு, அது ஆடுறவங்க கண்ணுல படவே கூடாது. மொதல்ல ஸ்பெல் (மந்திரம்) எத்தனாவது லெவலோ அத்தனை பாயின்ட்னு வச்சிருந்தேன், அது தப்பான கணக்கு. அஞ்சாவது லெவல் விஸார்ட் (மந்திரவாதி) ஒருத்தனுக்கே ஒரு நாளைக்கு முதல் லெவல் ஸ்பெல் 4, ரெண்டாம் லெவல் 3, மூணாம் லெவல் 2 இருக்கும், லெவலால பெருக்கிக் கூட்டிப் பாத்தா 16, ரெண்டரை நாள்ல ஒரு ஊரே காலி. அதனால பத்து ஸ்பெல் லெவலுக்கு ஒரு பாயின்ட்னு மாத்துனேன், கேன்ட்ரிப்புக்கு (எத்தனை தடவை வேணும்னாலும் போடுற சின்ன மந்திரம்) கணக்கே கிடையாது. ஒரு செஷனுக்கு ரெண்டு மூணு பாயின்ட் இறங்கும், அந்த வேகம் எங்களுக்கு சரியா இருந்துச்சு.

எந்த ஊருல இறங்கும்ங்கிறது காத்தைப் பொறுத்து. வாடை (வடக்குக் காத்து) அடிச்சா தெக்கு ஊரு, கச்சான் (மேக்குக் காத்து) அடிச்சா கிழக்கால ஊரு. இது நெசத்துல நடக்குறது இல்ல, நிலத்தடித் தண்ணிக்கும் காத்துக்கும் சம்பந்தமே கிடையாது, கதைக்காக நானா எடுத்துக்கிட்ட உரிமை. ஆனா செஷன் ஆரம்பத்துல இன்னைக்கு என்ன காத்துன்னு சொல்றது நம்ம கடற்கரைப் பேச்சுல சாதாரணம், அதனால யாருக்கும் சந்தேகமே வரலை. அப்புறம் முக்கியமா, இன்னைக்கு குறைஞ்சது மூணு செஷன் கழிச்சுத்தான் வெளிய தெரியணும்.

30-க்கு கீழ போனா அந்த ஊருல பருப்பு வேகாது, டீ ஒரு மாதிரி இருக்கும். 20-ல தென்னை ஓலை நுனி கருகும். 12-ல மாடு தொட்டியில வாய் வைக்காது. 5-க்கு வந்துட்டா அந்த ஊருக்கு யாரும் பொண்ணு குடுக்க மாட்டாங்க. பூஜ்யம்னா கதவைப் பூட்டிட்டு கிளம்புறதுதான். இதுல அந்த 5 நம்பர்தான் எங்க டேபிளை உலுக்குச்சு, ஏன்னா தண்ணியில்லாத ஊருக்கு பொண்ணு குடுக்க யோசிக்கிறது நம்ம ஜில்லாவுல எல்லாரும் வீட்டுல காதால கேட்டு வளந்த பேச்சு.

தொண்டி: மந்திரத்தால நிலம் கெடுறது ஏற்கனவே டி அண்ட் டில வந்ததுதானே?

ஆமா, 1991-ல வந்த ஒரு பாலைவன உலகத்துல மந்திரம் போட்டா சுத்தி உள்ள செடியெல்லாம் சாம்பலாயிரும். நல்ல ஐடியா, எனக்கும் பிடிக்கும். ஆனா அங்க விலை உடனே கண்ணு முன்னாடி தெரிஞ்சுருது, தெரிஞ்சே கெடுக்குறவன் கெட்டவன்னு ஈஸியா முடிஞ்சுரும். எனக்கு வேண்டியது தெரியாம கெடுக்குற நல்லவன் கதை.

கீழக்கரை: தங்கச்சி, நானும் பத்து வருஷமா ஜிஎம் பண்றேன். ஆடுறவங்ககிட்ட மறைச்சு வச்சு கடைசில நீங்கதான் கெடுத்தீங்கன்னு சொல்றது ஏமாத்து இல்லையா?

காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுறது), நான் ரொம்ப நாள் தூக்கம் கெட்டு யோசிச்சது இதைத்தான். மறைச்சு வச்சு கடைசில டமார்னு போட்டா கண்டிப்பா ஏமாத்துதான், அப்படிப் பண்ணவே கூடாது.

செஷன் ஜீரோவுலயே (ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி உக்காந்து பேசிக்கிறது) சொல்லிட்டேன், இந்த உலகத்துல நீங்க செய்யுற ஒரு விஷயத்துக்கு விலை உண்டு, அது என்னன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா தேடுனா கண்டுபிடிக்கலாம், சம்மதமான்னு. எல்லாரும் சரின்னாங்க. ஒரு பொண்ணு மட்டும் புள்ளைங்க சாகுற சீன் வேணாம்க்கான்னு சொல்லுச்சு, 31 செஷன்லயும் ஒரு புள்ளை கூட சாகலை.

அடுத்தது தடயம். ஒவ்வொரு படி இறங்கும்போதும் மூணு விதமா காட்டுவேன்: ஒண்ணு வாய்க்கு, ஒண்ணு கண்ணுக்கு, ஒண்ணு யாராவது பேசுற பேச்சுல. அந்தப் பேச்சுக்குன்னே கடல்பாசி எடுக்குற ஒரு அம்மாவை வச்சிருந்தேன். விரல்ல துணி சுத்திக்கிட்டு மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிற நம்ம ஊரு அம்மாக்களை அப்படியே கொண்டு வந்தது. அவங்களுக்கு மந்திரம் தெரியாது, ஆனா தண்ணி மாறுனா மொதல்ல அவங்களுக்குத்தான் தெரியும். க்ளெரிக் (சாமி அருளால வைத்தியம் பண்ற கேரக்டர்) அந்தம்மாவோட மூட்டு வலியை சரி பண்ணி விட்டான், அந்தம்மா நன்றி சொல்லிட்டு, “போன தடவை நீ வந்துட்டுப் போனப்பறம் எங்க மக ஊருல தண்ணி கரிக்குதாம்யா”ன்னு பேச்சோட பேச்சா சொல்லுச்சு. ஒன்பதாவது செஷன்ல சொன்னது. நான் அதை ரொம்ப மெதுவா சொல்லிட்டேன் போல, யாரும் குறிச்சுக்கலை, அதனால பதினொண்ணுலயும் பதினாலுலயும் வேற ஆள் வாயில திரும்ப சொல்ல வச்சேன்.

பதினேழாவது செஷன்ல விஸார்ட் ஆடுற பொண்ணு பேச்சு நடுவுல தன்னோட நோட்டை எடுத்து பழைய பக்கத்தை எல்லாம் புரட்டுச்சு. எந்த நாள்ல எந்த ஊருல என்ன ஸ்பெல்லுன்னு தேதியோட எழுதி வச்சிருந்துச்சு. பக்கத்துல நாங்க எந்த ஊருல என்ன கேட்டோம்னு எழுத ஆரம்பிச்சுச்சு, எழுதி முடிச்சுட்டு “அக்கா, நாங்களா?”ன்னு மட்டும் கேட்டுச்சு. நான் ஸ்கிரீனைத் தள்ளி வச்சுட்டு தாளைத் திருப்பிக் காட்டுனேன். அன்னைக்கு அதுக்கு மேல ஆடலை. யாரும் யாரையும் திட்டலை, திட்டுற மாதிரி ஒரு கேரக்டரை நான் கடைசி வரைக்கும் கொண்டு வரவே இல்ல.

சாயல்குடி: தெரிஞ்சப்பறம் விஸார்ட் சும்மா உக்காந்திருக்கணுமா? போரடிக்காதா?

இழுக்காம இருக்குறது ஒண்ணுதான் சரின்னு ஜிஎம் முடிவு கட்டிட்டா கேம் அங்கயே செத்துரும். அதனால விலை தெரிஞ்சப்பறம்தான் நான் கஷ்டமான சூழ்நிலையா கொடுத்தேன், இந்த ஊருல பிரசவ வலியில ஒரு பொண்ணு, பக்கத்து ஊரு 6 பாயின்ட்ல நிக்குது, இழுக்கவா வேணாமா? சில நேரம் இழுத்தாங்க, இழுத்துட்டு அடுத்த ஊருக்கு நடந்தே போய் விஷயத்தைச் சொன்னாங்க. அந்த நடைதான் கேம்பெய்ன்ல எனக்குப் பிடிச்ச செஷன்.

அவங்களே ஒரு வழியும் கண்டுபிடிச்சாங்க. நம்ம பக்கம் பாசி எடுக்குற அம்மாக்கள் மாசத்துல 12 நாள்தான் கடல்ல இறங்குறது, இரும்பை வச்சு சுரண்டுறது இல்லைன்னு தங்களுக்குள்ளயே கட்டுப்பாடு போட்டு வச்சிருக்காங்க, யாரும் சட்டம் போட்டு சொல்லலை. ரோக் (பதுங்கித் திருடத் தெரிஞ்ச கேரக்டர்) ஆடுற தம்பியோட அம்மா அந்த வேலைக்குப் போறவங்க. அவன்தான் இதே மாதிரி இழுப்புக்கும் முறை வைப்போம்னு ஆரம்பிச்சான், ஏழு ஊரு இழுப்புக்காரங்களையும் உக்கார வச்சு பேசுறதுக்கு மட்டும் நாலு செஷன் ஆச்சு. வாள் சண்டை ஒண்ணு கூட இல்ல, ஆனா போன் எடுத்துப் பாத்த ஆளும் இல்ல.

ஏர்வாடி: தண்ணி மட்டும்தானா, வேற ஏதாச்சும் வச்சீங்களா?

ரெண்டாம் பாதியில ‘தங்கப்பாசி’ன்னு ஒண்ணு. மந்திரத்தால வளக்குற பாசி, கயித்துல கட்டி விட்டா 45 நாள்ல அறுக்கலாம், அதை வச்சு ஏழை வீடெல்லாம் நிமிந்துருச்சு. இது கப்பாஃபைகஸ் பாசியை வச்சு யோசிச்சது. பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி, மண்டபம் கடல்ல மூங்கில் மிதவையில வளக்குறோம், எத்தனையோ பொம்பளைங்க கையில காசு பாத்தாங்க, அதே பாசி குருசடைத் தீவு பவளத்து மேல படந்து மூடுதுன்னு 2008-லயே ஆராய்ச்சிக்காரங்க எழுதிட்டாங்க. ரெண்டும் நெசம், ஒண்ணுக்காக இன்னொண்ணை மறைக்க முடியாது. கேம்லயும் அப்படியே விட்டேன், பாசியை அறுத்து எறியணும்னு ரெண்டு பேரு, வேணாம்னு மூணு பேரு. கடைசி வரைக்கும் அது தீரலை.

சீமைக்கருவேலத்தையும் வைக்கலாம்னு இருந்தேன், விறகாகும்னு விதைச்சு கண்மாய் முழுக்க புகுந்த கதை. ஆனா அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, பேரைச் சொன்ன உடனே விஷயம் புரிஞ்சு போயிரும், மர்மம் நிக்காது.

ராமேஸ்வரம்: ஒரு ஊரு கடலுக்குள்ள போற சீன் இருந்துச்சாமே, தனுஷ்கோடியை வச்சா?

இல்லண்ணே, அது வேணும்னே தொடலை. தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ல புயல் கொண்டு போச்சு, அதை மனுசன் பண்ணுன தப்போட சேத்தா செத்தவங்களைக் குத்தம் சொல்ற மாதிரி ஆயிரும். நான் எடுத்தது விலாங்குசல்லி, பூவரசன்பட்டி தீவுகளை. மன்னார் வளைகுடாவுல 21 தீவுன்னு சொல்றோம்ல, அதுல இந்த ரெண்டும் தண்ணிக்குள்ள போயிருச்சு. சுத்தியிருந்த பவளத்தை சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டி எடுத்தது அதுக்குப் பெரிய காரணம். அலையைத் தடுக்க நின்ன சுவரை எடுத்துட்டா மணல் எத்தனை நாளைக்கு நிக்கும்? கேம்ல ஏழாவது ஊரை அப்படித்தான் விட்டோம்.

முதுகுளத்தூர்: பன்னெண்டு வயசுப் புள்ளைங்களோட ஆடலாமா அக்கா?

தாராளமா. மூணு ஊரு, 10 பாயின்ட், ஆறு செஷன் போதும். தாளை மறைக்காதீங்க, நடுவுலயே விரிச்சு வைங்க, புள்ளைங்க அவங்களாவே கணக்குப் போட்டுப் பேசிக்குவாங்க.

தேவிபட்டினம்: கடைசில தண்ணி திரும்ப வந்துச்சா? மந்திரம் போட்டு சரி பண்ண முடியாதா?

மந்திரத்தால முடியாது, அதுல மட்டும் நான் கறாரா இருந்தேன். ஐப்பசி கார்த்திகை மழைக்கு ஒரு ஊருக்கு ஒரு பாயின்ட் ஏறும், அதுவும் அந்த வருஷம் அந்த ஊரு கண்மாயைத் தூர் வாரியிருந்தா மட்டும். கேம்ல ரெண்டு வருஷம்தான் ஓடுச்சு, அதனால அதிகமா ஏறுனதே ரெண்டு பாயின்ட்தான்.

கடைசி செஷன்ல விஸார்ட் பொண்ணு, காலியாப் போன ஊருக்கு தனியா நடந்து போய் மணல்ல கையால ஊத்து தோண்டுறேன்னு சொல்லுச்சு. பகடை உருட்டணுமாக்கான்னு கேட்டுச்சு, வேணாம், எவ்வளவு நேரம் காத்திருப்பேன்னு மட்டும் சொல்லுன்னேன். எவ்வளவு நேரம்னாலும்னு சொல்லிட்டு நெசமாவே பேசாம உக்காந்துருச்சு, மாடியில நாங்களும் பேசலை, கீழ எங்க அம்மா குழாயை மூடுற சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் பொறுத்து சிரட்டையில கால்வாசி ஊறியிருக்குன்னேன். வாயில வச்சுப் பாத்தியான்னு கேட்டேன். பாக்குறேன்னுச்சு. லேசா கரிக்குதுன்னு சொன்னேன்.

பாம்பன்: அடுத்தது எப்போ அக்கா, எனக்கு ஒரு இடம் கிடைக்குமா?

மீன்பிடி தடைக்காலத்துலதான் தம்பி, ஏப்ரல் 15-க்கு அப்பறம். எங்க ஆளுங்கள்ல ரெண்டு பேரு விசைப்படகுக்குப் போறவங்க, அந்த 61 நாள்தான் அவங்க தொடர்ந்து கரையில இருப்பாங்க. இடம் இருக்கு, வா. நோட்டு ஒண்ணு எடுத்துட்டு வா.