தொடர்ச்சுற்றில் மின்னோட்டம்: கேள்விகளும் பதில்களும்

நேரோட்டச் (பற்றரி தருவது போல ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம்) சுற்றுகள் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பாதிக் கேள்விகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுடையவை. மீதி வள்ளம், ஓட்டோ, சோலார் வைத்திருப்பவர்களுடையவை. இரண்டு பக்கத்தாரும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள்.

கேள்வி: சேர், பற்றரியிலிருந்து 1 அம்பியர் புறப்படுகிறது. வழியில் மூன்று தடைகள். ஒவ்வொன்றும் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் கடைசித் தடைக்குக் குறைவாகத்தானே வரும்? (தரம் 11 மாணவி, உப்புவெளி)

பதில்: இல்லைப் பிள்ளை. தடை தின்பது சக்தியை, மின்னோட்டத்தை அல்ல. 12 வோல்ற் பற்றரியோடு 2, 4, 6 ஓம் தடைகளைத் தொடராக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, கொழுவுங்கள். மொத்தம் 12 ஓம், ஆகவே 1 அம்பியர். அந்த 1 அம்பியரே மூன்றிலும் ஓடும், பற்றரிக்குத் திரும்பி வருவதும் அதே 1 அம்பியர்தான். பங்கு பிரிவது வோல்ற்றளவு: 2, 4, 6 வோல்ற்.

ஏன் குறைய முடியாது? முதல் தடைக்குள் 1 அம்பியர் போய், 0.9 மட்டும் வெளியே வருகிறது என்று வைப்போம். அப்படியானால் விநாடிக்கு 0.1 கூலோம் ஏற்றம் (ஓடுவது இந்த மின்னேற்றம்தான்) தடைக்குள்ளேயே தேங்க வேண்டும். தேங்கும் ஏற்றம் பின்னால் வருவதைத் தடுக்கும், முன்னால் போவதைத் தள்ளும். இரண்டு பக்கமும் சமமாகும் வரை இது நடக்கும், அதற்கு இமைப்பொழுதுகூடத் தேவையில்லை. ஒரு சந்திக்குள் வரும் ஓட்டமும் வெளியேறும் ஓட்டமும் சமம் என்று 1845இல் கேர்க்கோவ் சொன்ன முதலாம் விதிக்கு அடியில் இருப்பது இதுதான். பாடமாக்கி எழுதுவதை விட, ‘ஏற்றம் எங்கே தேங்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள். விதி தானாக வரும்.

கேள்வி: எல்ஈடிக்குப் போடும் தடையியை அதற்கு முன்னால் வைக்க வேண்டுமா, பின்னால் வைக்கலாமா?

பதில்: எங்கே வைத்தாலும் ஒன்றுதான். ஓட்டத்தைத் தீர்மானிப்பது முழுச்சுற்று, வரிசை அல்ல. 12 வோல்ற்றில் ஒரு வெள்ளை எல்ஈடிக்கு (ஏறத்தாழ 3 வோல்ற், 20 மில்லி அம்பியர்) 470 ஓம் போதும்.

கேள்வி: தம்பி, என்ர வள்ளத்துப் பற்றரியில 12.6 காட்டுது. முன்பக்கம் லைற் பூட்டுற வயர் நுனியிலயும் 12.6தான் காட்டுது. லைற்றைக் கொழுவினால் மங்கலாத்தான் எரியுது. புது பல்ப்பும் போட்டுப் பார்த்தாச்சு. (திருக்கடலூர்)

பதில்: அண்ணன், பல்ப்பில் குற்றமில்லை, பற்றரியும் சரி. நீங்கள் அளந்தபோது வயரில் ஓட்டமே இருக்கவில்லை, அதனால்தான் பிழை ஒளிந்துகொண்டது.

சாதாரண டிஜிற்றல் மீற்றரின் தடை ஏறத்தாழ 10 மெகா ஓம். லைற்றைக் கழற்றிவிட்டு அளந்தால் மீற்றர் வழியாகப் போவது அம்பியரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. வழியில் உப்புக்காற்றுப் பட்டுப் பச்சை பூத்த மூட்டு ஒன்று 1 ஓம் தடையோடு இருந்தாலும், அவ்வளவு சிறிய ஓட்டத்தில் அங்கே இழக்கப்படும் வோல்ற்றளவு கண்ணுக்கே தெரியாது. அதனால் இரண்டு நுனியிலும் 12.6. இப்போது 4 ஓம் உள்ள இழைக் குமிழைக் கொழுவுங்கள். மொத்தம் 5 ஓம், ஓட்டம் 2.5 அம்பியர். மூட்டு 2.5 வோல்ற்றை விழுங்கிவிடும், குமிழுக்கு 10 வோல்ற்தான் போகும். மூட்டில் 6 வோற்றுக்கு (watt, வோல்ற் அல்ல) மேல் வெப்பமாகிறது. கொஞ்சநேரம் எரியவிட்டுத் தொட்டுப் பார்த்தால் எந்த மூட்டு என்று விரலே சொல்லும்.

லைற் எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். மீற்றரை வோல்ற்றில் வைத்து, ஒரு முள்ளைப் பற்றரியின் ஈய முனையில் அழுத்துங்கள், மற்றதை அதைப் பிடித்திருக்கும் கிளிப்பில் வையுங்கள். பூச்சியத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். அடுத்து பியூஸின் இரண்டு பக்கமும், சுவிட்சின் இரண்டு பக்கமும், ரேப் சுற்றிய ஒவ்வொரு மூட்டும். எங்கே கால் வோல்ற்றுக்கு மேல் காட்டுகிறதோ அங்கேதான் கோளாறு. நெகற்றிவ் வயரை விட்டுவிட வேண்டாம். போகிற வழியைப் பார்ப்பவர்கள் திரும்பி வருகிற வழியைப் பார்ப்பதில்லை, அதிலும் அதே ஓட்டம்தான் ஓடுகிறது. கறுத்த செம்பை வெட்டி எறிந்துவிட்டு, புதிதாக இறுக்கி, கிறீஸ் பூசுங்கள். வயர் மாற்றுவதாக இருந்தால் வெள்ளீயம் பூசிய செம்பு வயராக வாங்குங்கள், கடலில் அதுதான் நின்றுபிடிக்கும்.

கேள்வி: அண்ணா, 12 வோல்ற் 5 வோற் பார்க் பல்ப்பையும் 21 வோற் சிக்னல் பல்ப்பையும் விளையாட்டாகத் தொடராகக் கொழுவினேன். சின்னது நன்றாக எரியுது, பெரியது செத்தது மாதிரிக் கிடக்குது. பெரியதுதானே கூட எரிய வேணும்? (ஓட்டோ திருத்துபவர், அன்புவழிபுரம்)

பதில்: நல்ல விளையாட்டு, தம்பி. 5 வோற் குமிழுக்குத் தேவை ஏறத்தாழ 0.42 அம்பியர். 21 வோற் குமிழுக்கு 1.75 அம்பியர். தொடரில் இரண்டுக்கும் ஒரே ஓட்டம்தான். சின்னதுக்கு வயிறு நிறையும் 0.4 அம்பியர் பெரியதன் இழையைச் சிவக்க வைக்கவும் காணாது. இழை சூடாகாவிட்டால் அதன் தடையும் ஏறாது, அதனால் வோல்ற்றளவு முழுவதும் என்று சொல்லுமளவுக்குச் சின்னதின் மேலேயே விழுகிறது. 21 வோற் என்று குமிழில் அச்சிட்டிருப்பது 12 வோல்ற் முழுதாகக் கிடைத்தால் மட்டும் பொருந்தும் கணக்கு.

கேள்வி: இரண்டு சோலார் பனல்கள் தொடராக இருக்கின்றன. பின்னேரம் ஒன்றின் மேல் தென்னோலை நிழல் விழுகிறது. மற்றதில் நல்ல வெயில், ஆனாலும் வரவு பாதிக்கும் கீழே போகிறது. (நிலாவெளி)

பதில்: தொடரில் எல்லோரும் ஒரே ஓட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். நிழல் பட்ட கலம் குறைந்த ஓட்டத்தையே தர முடியும், அதனால் வெயிலில் நிற்பதும் அந்த அளவுக்கு இறங்க வேண்டும். பனலின் பின்பெட்டிக்குள் பைபாஸ் டயோட்டு இருந்தால் நிழல் பட்ட பகுதியைச் சுற்றிக்கொண்டு ஓட்டம் போகும், அப்போது வோல்ற்றளவு குறையும். ஓலையை வெட்டுவதுதான் மலிவான வழி. 9 அம்பியர் பனலையும் 5 அம்பியர் பனலையும் ஒன்றாகத் தொடராகப் போட்டு விற்பவர்களிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

கேள்வி: சுவிட்ச் போட்டவுடனே லைற் எரிகிறதே, இலத்திரன் அவ்வளவு வேகமா ஓடுகிறது? (உயர்தர மாணவர், பாலையூற்று)

பதில்: ஆமையே முந்திவிடும். 1 சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பியில் 1 அம்பியர் ஓடினால், இலத்திரன்களின் சராசரி நகர்வு விநாடிக்கு 0.07 மில்லிமீற்றர்தான். ஒரு மீற்றரைக் கடக்க நாலு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுக்கும். ஆனால் கம்பி முழுக்க இலத்திரன்கள் ஏற்கெனவே நிரம்பியிருக்கின்றன. சைக்கிள் பெடலை மிதித்தால் சங்கிலியின் எல்லாக் கண்ணியும் ஒன்றாகத்தானே நகர்கிறது? ‘நகரு’ என்ற செய்தி, அதாவது மின்புலம், ஒளியின் வேகத்துக்குக் கிட்டப் பரவுகிறது.

கேள்வி: அம்பியர் அளக்க மீற்றரைப் பற்றரியின் இரண்டு முனையிலும் வைத்தேன். பட் என்று ஒரு சத்தம்.

பதில்: உள்ளே பியூஸ் போயிருக்கும், மாற்றுங்கள். அம்பியர்மானிக்குத் தடை இல்லாத மாதிரித்தான், பற்றரிக்கு நேரே வைத்தால் குறுஞ்சுற்று. சுற்றை ஓரிடத்தில் வெட்டி, அந்த இடைவெளியில் வையுங்கள். எந்த இடத்தில் வெட்டினாலும் அளவு ஒன்றே.

கேள்வி: இழை அறுந்த குமிழின் இரண்டு பக்கமும் மீற்றர் 12 வோல்ற் காட்டுகிறது. ஓட்டம் பூச்சியம் என்றால் V = IR (வோல்ற்றளவு = ஓட்டம் × தடை) படி வோல்ற்றளவும் பூச்சியம்தானே?

பதில்: அறுந்த இடத்தில் R முடிவிலி. பூச்சியத்தை முடிவிலியால் பெருக்கி விடை எடுக்க முடியாது. மறுபக்கத்திலிருந்து வாருங்கள். அறுபடாத தடைகளில் ஓட்டம் இல்லை, அதனால் அங்கே இழப்பும் இல்லை. பற்றரியின் 12 வோல்ற்றும் அந்த இடைவெளியில் வந்து நிற்கிறது. கோயில் திருவிழாவுக்குத் தொடராகக் கட்டும் பழைய குமிழ்ச் சரங்கள் ஆடலோட்டத்தில் (வீட்டு மின்சாரத்தில்) எரிந்தாலும் கதை இதுதான். ஒரு குமிழைக் கழற்றினால் அந்த வெற்றுத் தாங்கியில் 230 வோல்ற்றும் நிற்கும். பிளக்கை இழுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.