தாடி வைத்த போப்

கேள்வி: லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் போப் இரண்டாம் ஜூலியஸின் ஓவியத்தைப் பார்த்தேன். ரஃபேல் வரைந்தது. தானே படை நடத்திப் போன போப் என்று படித்திருக்கிறேன். படத்திலோ தலை கவிழ்ந்து, களைத்துப்போன தாத்தாவாக உட்கார்ந்திருக்கிறாரே? ரஃபேலுக்கு அவ்வளவு துணிச்சலா?

பதில்: களைப்பு தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வெள்ளைத் தாடியைக் கவனித்தீர்களா? அந்தக் காலத்து போப்புகள் முகத்தை மழித்துக்கொள்வதுதான் வழக்கம். 1511-இல், போப்பின் ஆட்சியில் இருந்த இத்தாலியின் பொலோனா நகரம் பிரெஞ்சுப் படையிடம் பறிபோனது. அவர்களை இத்தாலியை விட்டே விரட்டும்வரை சவரம் கிடையாது என்று ஜூலியஸ் சபதம் போட்டார். பாஞ்சாலி கூந்தலை முடியாமல் விட்ட கதைதான். 1512 மார்ச்சில் தாடியை எடுத்துவிட்டார். ஓவியம் எப்போது வரையப்பட்டது என்று கணிக்கவும் இந்தத் தாடிதான் உதவுகிறது. ஆக, நீங்கள் சோகம் என்று பார்ப்பதில் பாதி, ஊரறியச் சொன்ன கோபம்.

அப்புறம் கைகள். வலது கை ஒரு கைக்குட்டையைச் சும்மா பிடித்திருக்கிறது. இடது கை அப்படியல்ல. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றியிருக்கிறது. முகத்தை மறைத்துவிட்டு அந்தக் கையை மட்டும் பாருங்கள், தாத்தா காணாமல் போய்விடுவார்! நாற்காலியின் உச்சியில் தங்க நிறத்தில் இருப்பவை ஓக் மரத்தின் காய்கள். அவருடைய டெல்லா ரோவெரே குடும்பத்தின் சின்னம் ஓக் மரம்.

எனக்கு மிகவும் பிடித்தது பின்னாலிருக்கும் பச்சைத் திரை. அந்தப் பச்சை வண்ணத்துக்கு அடியில் போப் பதவியின் சின்னங்களான குறுக்குச் சாவிகளும் மணிமுடியும் முதலில் வரையப்பட்டிருந்ததை எக்ஸ்ரே காட்டிக்கொடுத்தது. ரஃபேலே அவற்றைப் பூசி மறைத்திருக்கிறார். சரியான முடிவு. சாவிகள் இருந்திருந்தால் நம் கண் பதவியைத்தான் பார்த்திருக்கும், ஆளை அல்ல.

துணிச்சல் என்கிறீர்கள். படம் ஒளித்துவைக்கப்படவில்லை, ரோமில் சாந்தா மரியா தெல் பொப்போலோ தேவாலயத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. உயிரோடு எதிரே இருப்பதுபோல் பார்த்தவர்கள் நடுங்கினார்கள் என்று, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை அதே நூற்றாண்டில் எழுதிய வசாரி எழுதியிருக்கிறார். மனிதருக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் பழக்கம் உண்டு. பாதியாகக் குறைத்துக்கொண்டாலும், அன்றைய ரோம்வாசிகள் யாரும் இவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டதாகத் தெரியவில்லை.