ஈரம் போக வழி

அன்புள்ள ஐயா,

நானும் என் கணவரும் தக்கலை பக்கத்தில் அவருடைய தாத்தா வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். திருமணமாகி இரண்டு வருடம் ஆகிறது. இருவருக்கும் திருவனந்தபுரத்தில் வேலை. சனி, ஞாயிறுகளில் வந்து முடிந்ததையெல்லாம் நாங்களே செய்கிறோம். உத்தரத்தில் 1109 என்று செதுக்கியிருக்கிறது. கூரை ஓடுகளை முழுக்க இறக்கிக் கழுவி, உடைந்ததை மாற்றி மறுபடி மேய்ந்துவிட்டோம். கதவுகளைச் சுரண்டி எண்ணெய் தேய்த்தோம். சுவரில் ஈரம் ஏறியிருந்தது, பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசி முடித்தாயிற்று. இப்போது சண்டை அடுக்களையில் வந்து நிற்கிறது. அவர் அதில் கைவைக்கவே கூடாது என்கிறார். பத்மநாபபுரம் அரண்மனையை எப்படி அப்படியே வைத்திருக்கிறார்கள் பார் என்கிறார். எனக்கு ஒரு சன்னல் வேண்டும், நின்று சமைக்க மேடை வேண்டும். நான் பழமையை அழிக்கிறேனா? வாஸ்து பார்த்தவர் கிணற்றை மூடச் சொல்கிறார். முகப்புக்குக் காரைக்குடியில் இரண்டு பழைய மரத்தூண் பார்த்து வைத்திருக்கிறோம், வாங்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் நான் என் வீட்டுத் தெற்கறையில் சுவரிலிருந்து உப்பைச் சுரண்டி முறத்தில் வாரிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். இல்லையென்றால் இரண்டு வாரம் ஆகியிருக்கும்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கிணற்றை மூடாதீர்கள். வாஸ்து சொன்னவர் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கப் போவதில்லை. தூண் வாங்காதீர்கள். உங்கள் வீட்டில் செட்டிநாட்டுத் தூண் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அந்தத் தூண் சந்தைக்கு வந்திருக்கிறதென்றால் எங்கோ ஒரு வீடு உடைந்திருக்கிறது. ஒரு வீட்டைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபடுகிறவர்கள் அதற்குப் பணம் கொடுக்கலாமா?

1109 கொல்லம் ஆண்டு, மலையாள ஆண்டுக்கணக்கு. 824-ஐயோ 825-ஐயோ கூட்டுங்கள், 1933, 34 என்று வரும். 1956 நவம்பர் 1 வரைக்கும் நம் பகுதி தமிழ்நாட்டில் இல்லை, வீடு கட்டிய காலத்தில் இது திருவிதாங்கூர். உளியைப் பிடித்த ஆசாரிக்குத் தெரிந்த ஆண்டு கொல்லம் ஆண்டுதான். அந்த எழுத்தின் மேல் வார்னிஷ் அடிக்காமல் விட்டால் போதும்.

அப்புறம் அந்த ஒரு வரி. "இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசி முடித்தாயிற்று." ஓடு மாற்றியதைப் போல, கதவு சுரண்டியதைப் போல, வேலை முடிந்த மகிழ்ச்சியில் எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இவ்வளவு பிரியத்தோடு ஒரு வீட்டைத் தொட்டவர்கள், யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்திருக்கக் கூடாதா? ஓடுகளை எண்ணி எண்ணி அடுக்கிய பொறுமை சுவர் விஷயத்தில் எங்கே போயிற்று?

1997-ல் நானும் இதையேதான் செய்தேன். தங்கைக்குக் கல்யாணம். தெற்கறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு நிறம் மங்கியிருந்தது, அங்கங்கே பொடி உதிர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்காரும் அறை. ஒரு காண்டிராக்டரை அழைத்தேன். மூன்று நாளில் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடுகிறேன் என்றார், சொன்னபடி ஆக்கினார். அதற்கு முந்தின வாரம், எங்கள் வீட்டுக்கு வருடா வருடம் வெள்ளையடிக்கும் வயதான கொத்தனார் வந்திருந்தார். சிமெண்ட் பூசப்போகிறேன் என்று சொன்னபோது அவர் உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு, "ஈரம் வரத்தான் செய்யும் மக்கா. வந்தது போகணும்லா? போற வழிய அடைக்காத" என்றார். அப்பாவும் வேண்டாம் என்றார். எனக்கு முப்பது வயது. இரண்டு பேரும் சொன்னது காதில் ஏறவில்லை.

இரண்டு மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை. நம் ஊரில் இரண்டு மழைக்காலம் என்றால் ஒரே வருடம்தான், இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும். அடுத்த வருடம், சிமெண்ட் பூச்சு முடிகிற இடத்துக்கு மேலே, மார்பு உயரத்தில், புதிதாக ஒரு ஈரக்கோடு வந்தது. அதற்கு மேலும் பூசினேன். ஈரமும் மேலே ஏறியது. ஐந்தாம் வருடம் ஒருநாள் ராத்திரி பூச்சு ஒரு பாய் அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் பூச்சின் பின்பக்கத்தில் செங்கல்லின் முகமும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சுவரில் மிச்சமிருந்த கல்லை நகத்தால் கீறினேன், சிவப்பு மாவாக உதிர்ந்தது. சுவருக்குள் செருகியிருந்த அயனி மர உத்தரத்தின் முனையை அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போயிற்று.

அந்த அறைதான் அப்பாவின் அறை. மறுநாள் காலையில் அவர் தன் கட்டிலைத் திண்ணைக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கடைசி மூன்று வருடமும் திண்ணையில்தான் படுத்தார். மழைச்சாரல் அடிக்கிற நாளில் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொள்வார்.

என்ன நடக்கிறதென்று சொல்கிறேன். உங்கள் கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். அந்தக் காலத்துச் சுவர் மண்சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ கட்டியது. அடியில் ஈரத்தைத் தடுக்கும் படலம் எதுவும் கிடையாது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது தரையிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். கட்டியவர்களுக்கு அது தெரியும். அதனால்தான் மேலே சுண்ணாம்பு பூசினார்கள். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் உண்டு, உள்ளே ஏறிய ஈரம் அதன் வழியாக ஆவியாகிப் போய்விடும். ஈரத்தோடு வரும் உப்பு பூச்சில் தங்கிப் பூச்சைத்தான் பொடிக்கும், கல்லை விட்டுவிடும். சில வருடத்துக்கு ஒருமுறை பூச்சைப் புதுப்பித்தால் சுவர் நூறு வருடம் நிற்கும். நீங்கள் பார்த்த பொடி, பூச்சு தன் வேலையைச் செய்துகொண்டிருந்ததன் அடையாளம். அதை நோய் என்று நினைத்துவிட்டீர்கள்.

சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெளியேற முடியாத ஈரம் மேலே மேலே ஏறும். உப்பு பூச்சுக்கும் கல்லுக்கும் நடுவில் படிந்து, பருத்து, கல்லின் முகத்தை உடைக்கும். இன்னொன்று, மண்சாந்துச் சுவர் வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் அசைந்துகொடுக்கும், சிமெண்டுக்கு அந்த இளக்கம் கிடையாது. விரிசல் விடும். விரிசல் வழியாக மழைத்தண்ணீர் இறங்கும், இறங்கியது திரும்ப வராது. 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். பாலத்துக்கும் அணைக்கும் அது நல்ல பொருள். உங்கள் தாத்தா வீட்டுச் சுவருக்கு அது ஆகாது.

இதைப் படித்துவிட்டு உடனே, பூச்சே வேண்டாம், செங்கல் தெரியட்டும் என்று கிளம்பிவிடாதீர்கள். இப்போது எல்லோருக்கும் அந்த ஆசை வருகிறது. நீங்கள் வேலைபார்க்கும் ஊரிலேயே, உள்ளூர் என்கிற பகுதியில் வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டியது. பூச்சில்லாத செங்கல் அங்கே எவ்வளவு அழகாக நிற்கிறது என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள். பூச்சு வீண்செலவு என்று அவர் வாழ்நாளெல்லாம் சொன்னார். ஆனால் அது அப்படி நிற்பதற்கென்றே கட்டிய சுவர். உங்கள் சுவரின் கல் மென்மையானது, மூடி வைப்பதற்கென்று கட்டியது. திறந்துவிட்டால் மழை கரைக்கும்.

இனி செய்யவேண்டியது. முதலில் வீட்டைச் சுற்றி வெளியே நடந்து பாருங்கள். தொண்ணூறு வருடத்தில் முற்றத்து மண் ஏறி அடித்தளத்தை மூடியிருக்கும். இன்டர்லாக் கல்லைச் சுவர் ஓரம் வரைக்கும் பதித்திருந்தால் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு அதை எடுங்கள். அந்த இடத்தில் மண்ணைத் தாழ்த்தி, சரளை போட்டு, ஓட்டுத்தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓட வழி செய்யுங்கள். பாதி ஈரம் அதிலேயே குறைந்துவிடும். பிறகு சிமெண்டைக் கொத்தி எடுங்கள். டிரில்லர் வேண்டாம், அதிர்ச்சியில் கல் உடையும். கையுளிதான். பூசி ஒரு வருடம்கூட ஆகவில்லை என்றால் பிழைத்தீர்கள், கல்லுக்கு அதிகச் சேதம் இருக்காது. மாசி பங்குனி சித்திரை வெயிலில் சுவரைத் திறந்தே போடுங்கள். காய்ந்தபிறகு சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீர் ஊற்றி நீற்றி, தண்ணீருக்கடியில் பல வாரம் புளிக்கவைத்த சுண்ணாம்பு. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரை ஊற்றிக் குழைப்பார்கள். மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை பூசவேண்டும், நடுவில் அவசரம் கூடாது. காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துத்தான் அது மெல்ல மெல்லக் கல்லாகிறது. மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் பட்டபாடெல்லாம் வீண், சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள். சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும். கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகாதீர்கள்.

நீங்கள் கேட்டது அடுக்களையைப் பற்றி. உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், பத்மநாபபுரம் கொட்டாரம் தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறை பராமரிப்பது. அங்கே தரை கறுப்புக் கண்ணாடிபோல் இருக்கிறதென்றால், யாரும் அதில் புளி கரைத்துச் சிந்துவதில்லை. உங்கள் அடுக்களையில் நாளைக்குக் காலையில் தோசை சுடவேண்டும். என் அம்மா நாற்பத்தியிரண்டு வருடம் சன்னலில்லாத அடுக்களையில் குனிந்து ஊதினாள். புகை பட்டால் மரத்தில் சிதல், அதாவது கரையான், ஏறாது என்பார்கள், உண்மைதான், எங்கள் கூரைக் கழுக்கோல்கள் இன்றும் இரும்பாக இருக்கின்றன. அம்மாவுக்கு ஐம்பது வயதிலேயே மூச்சிளைப்பு. அந்த அடுக்களையைக் கட்டியவர்களில் ஒருவர்கூட அதில் நின்று ஒரு வேளை சமைத்ததில்லை. சன்னல் வையுங்கள், மேடை போடுங்கள். மேடையைச் சுவரோடு சிமெண்டால் ஒட்டாமல் தனியாக நிறுத்துங்கள்.

அந்தக் கொத்தனாரின் மகன் இப்போதும் சுண்ணாம்பு வேலை செய்கிறார். மூன்று வருடம் முன்பு என் தெற்கறையின் இரண்டு சுவரை அவர்தான் மீட்டுக்கொடுத்தார், பாக்கிச் சுவரில்தான் நான் உப்பைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். அவர் போன் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். அதிகம் பேசமாட்டார், சுவரைத் தொட்டுத் தொட்டுத்தான் சொல்வார். அவர் வருகிற அன்று இருவரும் வீட்டில் இருங்கள். ஒருவர் கேட்டுவைத்து, மற்றவருக்கு ராத்திரி போனில் சொல்கிற வேலை வேண்டாம்.