அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை அறுந்துபோகிறது: கெர்னல் பிழையை யாரிடம் சொல்வது?

கேள்வி: என் லேப்டாப்பில் தம்பி லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்கு வெளிநாடு போய்விட்டான். ஒரு வருடம் எந்தத் தொல்லையும் இல்லை. சமீபத்தில் ஒரு அப்டேட் வந்ததிலிருந்து வைஃபை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோகிறது. ஆன்லைன் டியூஷன் பாதியில் நின்றுவிடுகிறது. தம்பி போனில் சொன்னபடி, தொடங்கும்போது வரும் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் சரியாக இருக்கிறது. பழையது 6.8, புதியது 6.11. இதை யாராவது சரிசெய்வார்களா? யாரிடம் சொல்ல வேண்டும்? இல்லை, பழையதிலேயே இருந்துவிடலாமா? எனக்கு புரோகிராமிங் தெரியாது.

பதில்: "பழையதில் சரியாக இருக்கிறது, புதியதில் இல்லை" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி அதுதான். கெர்னல் என்பது லினக்ஸின் அடிமட்ட நிரல், சிப்போடும் வட்டோடும் பேசுவது அதுதான். அதை எழுதுகிறவர்களிடம் எல்லாப் பிழைக்கும் ஒரே மரியாதை கிடையாது. ஒரு வைஃபை சிப் லினக்ஸில் என்றைக்குமே ஒழுங்காக ஓடியதில்லை என்றால், யாருக்காவது நேரமும் அந்த சிப்பும் கையில் கிடைக்கும்வரை அது காத்திருக்கும். நேற்றுவரை ஓடியது இன்று நின்றுபோனால் கதை வேறு. அதற்கு ரெக்ரெஷன் என்று பெயர். ரெக்ரெஷனை அனுமதிக்கக்கூடாது என்பது லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பல வருடங்களாகப் பிடிவாதமாக வைத்திருக்கும் விதி. அதைக் கொண்டுவந்த மாற்றம் எவ்வளவு நல்ல நோக்கத்தில் எழுதப்பட்டிருந்தாலும், சீக்கிரம் திருத்த முடியாவிட்டால் பின்வாங்க வேண்டியதுதான். ஆகவே புகார் எழுதும்போது தலைப்பிலேயே ரெக்ரெஷன் என்று போடுங்கள். "வைஃபை வேலை செய்யவில்லை" என்று மட்டும் தலைப்பு வைத்து நான் அனுப்பிய முதல் புகாருக்கு இன்றுவரை பதில் இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்தத் தலைப்பைப் பார்த்தால் நானே திறந்திருக்க மாட்டேன்.

முதலில் வகுப்பு நிற்காமல் நடக்க வேண்டும். அதனால் இப்போதைக்கு 6.8இலேயே இருங்கள், ஆனால் அது காணாமல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த அப்டேட்டுகளில் பழைய கெர்னல்கள் தானாக நீக்கப்படும். லினக்ஸ் பல வகைகளில் வரும், அதில் ஃபெடோரா வழக்கமாக மூன்றுதான் வைத்துக்கொள்ளும். உபுண்டு, டெபியன் வகையில் ஒரு தொகுப்பைப் பிடித்து நிறுத்திவைக்க 'ஹோல்டு' என்ற வசதி இருக்கிறது, தம்பிக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இதை நிரந்தர ஏற்பாடாக்கிவிடாதீர்கள். ஹோல்டு போட்ட கெர்னலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் வராது. 2016இல் வெளியே தெரிந்த டர்ட்டி கௌ என்ற ஓட்டை 2007 முதல் கெர்னலுக்குள்ளேயே இருந்தது. பழையது என்பதால் அதில் ஓட்டை இல்லை என்று ஆகிவிடாது.

அடுத்து, பழி உண்மையில் கெர்னல் மேல்தானா என்று பார்க்க வேண்டும். கெர்னலை மாற்றினால் சரியாகிறது, அப்புறம் என்ன சந்தேகம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, ஆனால் வைஃபையில் ஒரு சூட்சுமம் உண்டு. வைஃபை சிப்புக்குள் ஓடுவது கெர்னல் அல்ல, ஃபர்ம்வேர் என்ற தனி நிரல். அதைத் தயாரிப்பவர் சிப் கம்பெனிக்காரர். உங்கள் வட்டில் ஒரே ஃபர்ம்வேரின் பல பதிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். சிப்பை இயக்கும் கெர்னல் பகுதிக்கு டிரைவர் என்று பெயர். இன்டெல் வைஃபை டிரைவரை எடுத்துக்கொண்டால், தனக்குப் புரிகிற பதிப்புகளில் இருப்பதிலேயே புதியது எதுவோ அதை எடுத்து சிப்புக்குள் ஏற்றும். புதிய கெர்னலில் இருக்கும் டிரைவருக்கு இன்னும் புதிய பதிப்பு புரியும். எனவே கெர்னலை மாற்றும்போது உங்களுக்குத் தெரியாமலே ஃபர்ம்வேரும் மாறியிருக்கலாம். குற்றவாளி டிரைவரா, ஃபர்ம்வேரா என்பது "பழையதில் ஓடுகிறது" என்ற சாட்சியை மட்டும் வைத்து முடிவாகாது.

இதைத் தெரிந்துகொள்ள, கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் டி-எம்-இ-எஸ்-ஜி என்ற ஐந்தெழுத்துக் கட்டளையை, முன்னால் நிர்வாகி உரிமை தரும் சூடோ என்ற சொல்லைச் சேர்த்து அடியுங்கள். கெர்னல் தொடங்கியதிலிருந்து பேசிய எல்லாம் கொட்டும். அதில் ஃபர்ம்வேர் என்ற சொல் வரும் வரிகளைத் தேடினால், எந்தப் பதிப்பு ஏறியது என்று எண்ணோடு இருக்கும். இரண்டு கெர்னலிலும் ஒருமுறை எடுத்து, இரண்டு கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். புதியதில் எடுக்கும்போது வைஃபை அறுந்த பிறகு எடுங்கள். அறுந்த நேரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் வரிகள்தான் தேவை. நிறையப் பேர் லேப்டாப்பை மறுபடி தொடங்கிவிட்டு எடுத்து அனுப்புவார்கள். அதில் எல்லாம் சுபமாக இருக்கும், ஒன்றுக்கும் உதவாது.

கூடவே வைஃபையின் பவர் சேவிங்கை நிறுத்திப் பாருங்கள். சும்மா இருக்கும் நேரத்தில் சிப் தூங்கப் போய், கூப்பிட்டால் எழுந்திருக்க மறுப்பது பழைய வியாதி. நிறுத்தியதும் சரியானால் உங்களுக்குத் தற்காலிக மருந்து கிடைத்தது, திருத்தப்போகிறவருக்கு எங்கே தேடுவது என்று பாதி தெரிந்தது.

கெர்னலுக்குள் வெளியாள் எழுதிய துணை நிரல் (மாட்யூல்) ஏதாவது ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நிவிடியாவின் மூடிய டிரைவர், விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவை ஏறினால் கெர்னல் தன்மேல் டெயின்டட் என்று ஒரு முத்திரை குத்திக்கொள்ளும். கெர்னல் குழுவின் கையில் இல்லாத வெளி நிரல் ஒன்று உள்ளே ஓடும்போது கோளாறு யாருடையது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால், முத்திரை குத்திய கெர்னலிலிருந்து வரும் புகாரைப் பலர் தொடக்கூட மாட்டார்கள். அவற்றைக் கழற்றிவிட்டு, அதன் பிறகும் வைஃபை அறுகிறதா என்று பாருங்கள்.

இனி, யாரிடம் சொல்வது? எண்களைப் பார்த்தால் உங்களிடம் இருப்பது உபுண்டு குடும்பம் என்று நினைக்கிறேன். 6.8, 6.11 இரண்டையும் மூல கெர்னல் குழு, அதாவது டோர்வால்ட்ஸும் அவரோடு வேலை செய்பவர்களும், 2024லேயே கைகழுவிவிட்டது. நீண்ட காலம் பராமரிக்க அவர்கள் தேர்ந்தெடுப்பது 6.1, 6.6, 6.12 போன்ற சில வரிசைகளை மட்டும். உங்கள் 6.11ஐத் தொகுத்துத் தந்தது உபுண்டு ஆட்கள், தங்கள் சொந்தத் திருத்தங்களையும் சேர்த்து. எனவே முதல் புகார் அங்கேதான். உபுண்டுவில் உபுண்டு-பக் என்ற கருவியை லினக்ஸ் என்ற பெயரோடு ஓட்டினால், தேவையான பதிவுகளை அதுவே சேர்த்துக்கொண்டு உபுண்டுவின் புகார்த் தளமான லாஞ்ச்பேடுக்குப் போகும். டெபியனில் ரிப்போர்ட்பக் இருக்கிறது. புரோகிராமிங் தெரியாதவர் இத்தோடு நிறுத்திக்கொண்டாலும் தவறில்லை.

மூலத்திடமே நேராகப் போக ஆசைப்பட்டால், அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி: "இன்றைய மெயின்லைனிலும் அறுகிறதா?" மெயின்லைன் என்பது டோர்வால்ட்ஸின் கையிலிருந்து வரும், யாரும் மேல்பூச்சு பூசாத கெர்னல். உபுண்டுக்காரர்கள் அதைத் தயாராகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள், இறக்கி நிறுவினால் போதும். நிறுவும் முன் லேப்டாப்பின் தொடக்க அமைப்பான பயாஸில், கையொப்பமில்லாத கெர்னலைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டிவரும். அந்தக் கெர்னலில் அறவில்லை என்றால் யாரோ உங்களுக்கு முன்னாலேயே சொல்லி, திருத்தமும் ஆகிவிட்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அந்தத் திருத்தத்தைத் தங்கள் கெர்னலுக்கு எடுத்து வாருங்கள் என்று உபுண்டுவிடம் கேட்டால் போதும்.

இப்படி எடுத்து வருவதற்கு பேக்போர்ட் என்று பெயர், அதிலும் விபத்து நடக்கும். 2023 டிசம்பர் 9 அன்று டெபியன் 12.3 வெளியாக இருந்தது. அதில் சேர்த்திருந்த 6.1.64 கெர்னல், வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் எக்ஸ்ட்4 என்ற முறைமையில் தகவலைச் சிதைக்கக்கூடும் என்று தெரிந்ததும் வெளியீட்டையே நிறுத்தினார்கள். மறுநாள் 12.4 வந்தது, 12.3 என்ற எண் வெளிவரவே இல்லை. காரணம்தான் வேடிக்கை. எக்ஸ்ட்4க்கான ஒரு திருத்தம் மெயின்லைனில் சரியாகவே வேலை செய்தது. அதைப் பழைய 6.1க்குக் கொண்டுவந்தவர்கள், அது நம்பியிருந்த இன்னொரு மாற்றத்தைக் கூடக் கொண்டுவரவில்லை. 6.1.66இல் சரிசெய்தார்கள். அதற்கு முந்தைய வருடம் 5.19.12 வந்தபோது சில இன்டெல் லேப்டாப்புகளின் திரை கண்டபடி மினுங்கியது. திரைக்கு மின்சாரம் போகும் கால இடைவெளி தவறாகி, திரையே கெடக்கூடும் என்று டிரைவர் எழுதுபவரே எச்சரித்தார். ஒரு வாரத்துக்குள் அந்த மாற்றங்களைத் திரும்ப எடுத்துவிட்டு 5.19.13 வந்தது. இரண்டு கதையிலும் அவசரமாக நடந்ததற்குக் காரணம், எந்தப் பதிப்பில் தொடங்கியது என்று மக்கள் உடனே துல்லியமாகச் சொன்னதுதான்.

அந்தத் துல்லியத்தை நீங்களும் தரமுடியும், ஒரு வரி நிரல் எழுதாமலே. 6.8க்கும் 6.11க்கும் நடுவில் மூன்று வெளியீடுகள், ஏறத்தாழ 40,000 மாற்றங்கள். பயப்படாதீர்கள். அகராதியில் சொல் தேடுவது போல நடுவில் திறந்து, முன்னா பின்னா என்று பார்த்துக்கொண்டே போனால் 16 தடவையில் ஒரே ஒரு மாற்றத்தில் வந்து நிற்கலாம். இதைச் செய்து தரும் கருவிதான் கிட் பைசெக்ட். முழுதும் செய்ய ஒவ்வொரு தடவையும் மூல நிரலிலிருந்து கெர்னலைக் கட்டியெழுப்ப (கம்பைல் செய்ய) வேண்டும், உங்கள் லேப்டாப்பில் அது வாரக்கணக்கில் இழுக்கும். நான் சொல்வது அதில் பாதிக் கிணறு. தயாராக இருக்கும் மெயின்லைன் தொகுப்புகளில் 6.9ஐ நிறுவி ஒரு வகுப்பு நடத்துங்கள். அறவில்லையா, 6.10. அதில் அறுகிறதா, இப்போது 6.10 வெளியாவதற்கு முன் வந்த சோதனைப் பதிப்புகளான ஆர்சிகளுக்குள் போங்கள்.

ஏன் ஆர்சி? ஒவ்வொரு கெர்னலும் ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. முதல் இரண்டு வாரத்தில் புதியவை எல்லாம் வெள்ளம் போல உள்ளே வரும், அதன் முடிவில் ஆர்சி1. பிறகு ஞாயிறுதோறும் ஆர்சி2, ஆர்சி3 என்று ஏழு எட்டு வரை போகும், அவற்றில் பெரும்பாலும் திருத்தங்கள் மட்டுமே. உங்கள் கோளாறு ஆர்சி1லேயே இருந்தால் இன்னும் 10,000க்கு மேற்பட்ட மாற்றங்களில் ஒன்று என்றுதான் சொல்ல முடியும். ஆனால் ஆர்சி3 நன்றாக ஓடி ஆர்சி4இல் அறுந்தால், மிச்சம் சில நூறுதான். அவற்றில் உங்கள் வைஃபை டிரைவரைத் தொட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவையாக இருக்கும். அந்த டிரைவரைப் பராமரிப்பவர் பட்டியலைப் பார்த்ததுமே எது என்று ஊகித்துவிடுவார்.

ஒரு எச்சரிக்கை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுவது எப்போதும் பத்து நிமிடத்தில்தான் அறும் என்று இல்லை. பதினைந்து நிமிடம் ஓடியதும் "நல்லது" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனால், அங்கிருந்து எல்லாம் தப்பான பக்கம் போய்விடும். கெட்டது என்று முடிவுகட்ட ஒருமுறை அறுந்தால் போதும். நல்லது என்று சொல்ல இரண்டு மணி நேரமாவது ஓடவிடுங்கள்.

மூலத்துக்கு எழுதும்போது யாருக்கு என்பது முக்கியம். கெர்னலுக்குப் பக்ஸில்லா என்ற பொதுவான புகார்ப் பதிவேடு ஒன்று இருக்கிறது, பல பராமரிப்பாளர்கள் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மூல நிரலோடு மெயின்டெய்னர்ஸ் என்ற கோப்பு வரும், எந்த டிரைவருக்கு எந்த முகவரி என்று அதில் இருக்கும். மின்னஞ்சலை வெறும் எழுத்தாக அனுப்புங்கள். வண்ணமும் தடித்த எழுத்தும் கொண்ட எச்டிஎம்எல் மடல்களை அவர்களின் சர்வர் வாசலிலேயே திருப்பிவிடும். ரெக்ரெஷன்களுக்கென்றே தனி முகவரியும், வந்தவற்றை மறக்காமல் கணக்கு வைக்க ரெக்ஸ்பாட் என்ற கருவியும் உண்டு. மடலில் எது நல்ல பதிப்பு, எது கெட்ட பதிப்பு, என்ன சிப், இரண்டு பதிவுக் கோப்புகள், அவ்வளவு போதும். 6.11 என்று மட்டும் எழுதாமல் அதன் பின்னால் வரும் எண்களையும் சேர்த்து முழுப் பெயர் எழுதுங்கள். லினக்ஸ் எவ்வளவு நல்லது என்ற முன்னுரையோ, இப்படிச் செய்யலாமா என்ற கோபமோ வேண்டாம்.

பதில் வந்தால் பெரும்பாலும் ஒரு பேட்ச், அதாவது திருத்த நிரல், வரும், சோதித்துச் சொல்லுங்கள் என்று. அந்த இடத்தில் தம்பியைக் கூப்பிடுங்கள். பல நேரம் அந்த சிப்பும் அந்தக் கோளாறும் சேர்ந்து இருக்கும் கம்ப்யூட்டர் உலகத்தில் திருத்துகிறவருக்கு எட்டுவது உங்களுடையது ஒன்றுதான், நீங்கள் பதில் போடாவிட்டால் வேலை அங்கேயே நிற்கும். சரியானதும் அது மெயின்லைனில் சேரும். ஏற்கெனவே வெளியான பதிப்புகளுக்குத் திருத்தம் மட்டும் சேர்க்கும் ஸ்டேபிள் வரிசைக்கு அதற்குப் பிறகுதான் போகும், மெயின்லைனில் இல்லாத திருத்தத்தை அங்கே சேர்ப்பதில்லை என்பது விதி. அதன் பிறகு உபுண்டு எடுத்து, சோதித்து, உங்கள் அப்டேட்டில் வர இன்னும் சில வாரங்கள். வந்த நாளில் ஹோல்டை எடுக்க மறக்காதீர்கள்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. திருத்தத்தின் அடியில் 'ரிப்போர்ட்டட்-பை' என்று உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் சேர்ப்பார்கள். அது கெர்னலின் வரலாற்றில் நிரந்தரமாக, உலகம் முழுதும் படிக்கும்படி இருக்கும். பெருமையான விஷயம்தான். ஆனால் டியூஷன் பிள்ளைகளின் பெற்றோர் எழுதும் அதே முகவரியிலிருந்து அனுப்பாமல், புகாருக்கென்று தனியாக ஒன்று திறந்துகொள்ளுங்கள்.