வியாபாரம் கதைப்பம்: காசு எங்க படுத்திருக்கு?

இந்த முறை வந்த கேள்வியள்ல முக்கால்வாசி, வாங்கிற பக்கத்துக்கும் விக்கிற பக்கத்துக்கும் நடுவில மாட்டுப்பட்டு நிக்கிற ஆக்கள்ட. நீளமான கடிதங்களைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறன், குறை நினைக்காதேங்கோ.

கேள்வி: வீட்டில கறித்தூள் வறுத்து அரைச்சு பக்கற் பண்ணி கடையளுக்குக் குடுக்கிறன், ரெண்டு பேர் வேலைக்கு வருகினம். சாமானுக்கும் கூலிக்கும் மாசம் ரெண்டு லட்சம் மட்டில போகுது. கணக்குப் பாத்தா லாபம்தான், ஆனா அடுத்த முறை செத்தல் மிளகாய் வாங்கப் போகேக்க கையில காசில்லை, நகையைத்தான் அடகு வைக்கிறன். சிறுதொழில் வகுப்பில வலூ செயின் (பெறுமதிச் சங்கிலி) என்டு ஒரு படம் கீறிக் காட்டினவை, அதால எனக்கு என்ன பிரயோசனம்? (வாசகி, கோப்பாய்)

பதில்: தங்கச்சி, அந்தப் படம் மைக்கேல் போர்ட்டர் என்ட அமெரிக்கப் பேராசிரியர் 1985 இல வெளியிட்டது. சாமான் உள்ளுக்கு வாறது, செய்யிறது, வெளியில அனுப்புறது, விக்கிறது, வித்த பிறகு கவனிக்கிறது என்டு அஞ்சு பெட்டி, அதுக்கு மேல ஆள், மிசின், கொள்முதல், நிர்வாகம். நல்ல படம்தான், ஆனா உங்கட காசு ஒரு பெட்டியில இருந்து மற்றதுக்குப் போற வழியில எங்கயோ படுத்திருக்கு, அதைத்தான் முதல் தேடோணும்.

ஒரு கொப்பி எடுங்கோ. செத்தலும் மல்லியும் காசு குடுத்து வாங்கின நாளில இருந்து வறுக்கிற நாள் வரைக்கும் மூட்டை எத்தினை நாள் கிடக்கு? 20 என்டு வைப்பம். வறுத்து மில்லுக்குக் குடுத்து பக்கற் பண்ணி கடைக்குப் போகும் மட்டும் 10. கடைக்காரர் "அடுத்த மாசம் பாப்பம் அக்கா" என்டு சொல்லிச் சொல்லி காசு தர 45. எல்லாம் சேத்து 75 நாள். சாமான் தாறவர் உங்களுக்கு ஒரு நாள் கூட கடன் தாறேல்லை, அப்ப 75 நாளும் உங்கட தலையிலதான். மாசம் ரெண்டு லட்சம் போற தொழிலில 75 நாள் என்டா அஞ்சு லட்சம் எப்பவும் வெளியில நிக்குது. அடகுக்கு வருசம் நூற்றுக்கு 18 வட்டி என்டு பிடிச்சாலும் மாசம் 7,500 ரூபா அதுக்கே போகுது, அதை நீங்கள் லாபக் கணக்கில கழிச்சனீங்களோ? இதே 75 ஐ 45 ஆக்கினா மூண்டு லட்சம் போதும், ரெண்டு லட்சம் கைக்கு வந்திடும், ஒரு பக்கற் கூட மேலதிகமா விக்காமலே.

எங்க குறைக்கிறது? முதல் கடை பக்கம். எல்லாக் கடையையும் ஒரே கண்ணால பாக்காதேங்கோ, கடை கடையா எழுதினா தெரியும், கனக்க எடுக்கிற பெரிய கடைதான் கன நாள் இழுக்கும், சந்தியில இருக்கிற சின்னக் கடை பத்துப் பக்கற்தான் எடுக்கும், ஆனா கையில காசு தரும். 45 நாள் கடன் குடுக்கிறதுக்கு அதே 18 வட்டியில உங்களுக்கு விழுற செலவு நூற்றுக்கு ரெண்டு ரூபாவுக்குக் கொஞ்சம் மேல. அதால கைக்காசுக்கு எடுக்கிற கடைக்கு நூற்றுக்கு ரெண்டு ரூபா குறைச்சுக் குடுத்தாலும் நட்டமில்லை. திகதி தள்ளிப் போட்ட செக்கை காசு என்டு எண்ணாதேங்கோ, அது பாங்கில மாறின பிறகுதான் காசு.

இன்னொண்டு, நிறை. செத்தல் 100 கிலோ வாங்கினா 100 கிலோ தூள் வராது, காம்பு போகும், பழுதானது போகும், வறுக்கேக்க ஈரம் போகும், மில்லில கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிக்கும். கடைசியில 88 கிலோ கைக்கு வந்தா, கிலோ 1,000 க்கு வாங்கின செத்தல் உண்மையில 1,136 ரூபா. ஈரச் செத்தலை 50 ரூபா மலிவா வாங்கிப்போட்டு சந்தோசப்படுற ஆக்கள் இந்தக் கணக்கைப் பாக்கிறேல்லை. ஒவ்வொரு முறையும் உள்ளுக்குப் போன நிறை, வெளியில வந்த நிறை ரெண்டையும் எழுதி வையுங்கோ, எந்த யாவாரி நல்ல சாமான் தாறார் என்டு அந்தக் கொப்பியே சொல்லும். முந்தி மூட்டையில கையை விட்டுப் பாத்தே சொல்லுற அம்மாமார் இருந்தவை, இப்பவும் இருக்கினம், ஆனா அவையை மாசச் சம்பளத்துக்குப் பிடிக்கேலாது.

கேள்வி: சின்ன வெங்காயம் செய்யிறன். சந்தையில கொண்டே குடுத்தா பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழிவு என்டு வெட்டுறாங்கள். கொழும்பில ஒரு கடைக்காரர் நேர எடுக்கிறன் என்டு சொல்லுறார். நடுவில நிக்கிறவனை வெட்டிவிட்டா லாபம்தானே? (வாசகர், புன்னாலைக்கட்டுவன்)

பதில்: அண்ணை, ஆளை வெட்டலாம், அவர் செய்யிற வேலையை வெட்டேலாது. அது ஆற்றையோ தலையில விழும், இந்த இடத்தில உங்கட தலையில. சாக்கு, கட்டுக்கூலி, லொறி, கொழும்பு போகும் மட்டும் வெங்காயம் காஞ்சு நிறை குறையிறது, அங்க போன பிறகு "பாதி நல்லாயில்லை" என்டு போன் வாறது. இதெல்லாம் இவ்வளவு காலமும் அந்த யாவாரிதான் சுமந்தவர், அதுக்கெண்டு பத்துக்கு ஒண்டு நியாயம் என்டு நான் சொல்லேல்லை. கழிவு என்டது எனக்கும் பிடிக்காத முறை. கூலியை கூலி என்டு காசில சொன்னா பேரம் பேசலாம், நிறையில வெட்டினா விலை ஏறேக்க அவரின்ட கூலியும் தானா ஏறும், வேலை என்னவோ அதே வேலைதான்.

ஆனா ஒரு விசயத்தை மறந்திடாதேங்கோ, சந்தை யாவாரி உங்கட சின்னன், பெரிசு, ரெட்டைப்பல்லு எல்லாத்தையும் ஒரே குவியலா எடுக்கிறார். கொழும்புக் கடை நல்லதைத்தான் கேக்கும். அப்ப நல்லதைத் தெரிஞ்சு அங்க அனுப்பினாப் பிறகு மிச்சத்தை சந்தையில என்ன விலைக்கு எடுப்பினம்? ரெண்டையும் கூட்டிப் பாத்துத்தான் லாபமோ நட்டமோ சொல்லலாம். முழுக்கத் தூக்கிக் குடுக்காதேங்கோ, இந்தப் போகத்தில மூண்டில ஒரு பங்கை அனுப்பிப் பாருங்கோ, அயலில நாலைஞ்சு பேர் சேந்தா லொறிக் கூலி பிரியும். காசு எப்ப, எப்பிடி என்டதை சாமான் ஏத்த முன்னமே கதையுங்கோ. ஏத்தின பிறகு கதைச்சா அது கெஞ்சுறது.

கேள்வி: பிஸ்கற், சோப் ஏஜென்சி வைச்சிருக்கிறன். ஒரு மாசம் கடையள் அடிபட்டுக் கேக்கும், அடுத்த மாசம் ஒருத்தரும் தொடமாட்டினம், ஸ்ரோரில குமிஞ்சு கிடக்கும். சனம் இப்பிடியா மாறி மாறிச் சாப்பிடுது? (வாசகர், சுன்னாகம்)

பதில்: சனம் மாறேல்லை தம்பி, ஓடர்தான் மாறுது. பம்பேர்ஸ் செய்யிற புறொக்டர் அன்ட் காம்பிள் கொம்பனிக்கே இது நடந்தது, பிள்ளையள் மாசா மாசம் ஒரே அளவாத்தான் பாவிக்குதுகள், கடையிலயும் விற்பனை கொஞ்சம்தான் ஏறி இறங்குது, ஆனா மொத்த யாவாரியள்ட ஓடர் அதைவிடக் கூட ஆடுது, கொம்பனி மூலப்பொருளுக்குப் போடுற ஓடர் அதையும் விட ஆடுது. சவுக்கைப் பிடியில கொஞ்சம் ஆட்டினா நுனி எவ்வளவு வீசுமோ அப்பிடி.

உங்கட இடத்தில காரணம் என்னெண்டா, நீங்கள் மாசக் கடைசியில கொம்பனி தந்த விற்பனை இலக்கை எட்டுறதுக்கு "பத்து எடுத்தா ஒண்டு ஃப்ரீ" போடுறீங்கள், கடைக்காரர் ரெண்டு மாசத்துச் சாமானை ஒரேயடியா எடுத்து அடுக்கிறார், பேந்து என்னத்துக்கு வாங்கிறது? 2022 தட்டுப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு பழக்கமும் வந்திட்டுது, அஞ்சு பெட்டி கேட்டா ரெண்டுதான் வரும் என்டு பத்துப் பெட்டி கேக்கிறது, பேந்து பத்தும் வந்து நிக்கேக்க முழிக்கிறது. ஓடரை நம்பாதேங்கோ. உங்கட சேல்ஸ் பெடியன் கடைக்குப் போகேக்க ராக்கையில எத்தினை மிச்சம் கிடக்கு என்டு எண்ணி எழுதட்டும், போன கிழமை இருந்தது, குடுத்தது, இப்ப இருக்கிறது, இந்த மூண்டும் தெரிஞ்சா உண்மையில வித்தது எவ்வளவு என்டு வந்திடும். அதைப் பாத்துக் கொம்பனிக்கு ஓடர் போடுங்கோ. நல்லூர்த் திருவிழாக் காலத்துக்கு மட்டும் தனிக் கணக்கு.

கேள்வி: ஒரே ஆளிட்ட வாங்கினா விலை குறைவு. ரெண்டு பேரிட்ட வாங்கச் சொல்லுறது ஏன்? (வாசகி, மானிப்பாய்)

பதில்: 1997 பெப்ரவரியில ஜப்பானில ஐசின் என்ட கொம்பனியின்ட ஒரு தொழிற்சாலை எரிஞ்சது. ரொயோட்டா காருக்கு பிறேக்கில போடுற ஒரு சின்ன வால்வ் கிட்டத்தட்ட முழுக்க அங்கதான் செய்தது, கையிருப்பும் பெரிசா வைக்கிறேல்லை. ரொயோட்டா ஜப்பானில கார் செய்யிறதையே சில நாள் நிப்பாட்ட வேண்டி வந்தது, வேற கொம்பனியள் ஓடி வந்து அந்த வால்வைச் செய்து குடுத்தபடியாத்தான் கெதியா எழும்பினது. எங்களுக்கு அப்பிடி ஓடி வர ஆர் இருக்கினம்? 2020 இல மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தினவுடன விலை எங்க போனது என்டது சமையல் செய்யிற எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அஞ்சில நாலு பங்கை மலிவா தாறவரிட்டயே வாங்குங்கோ, ஒரு பங்கை மற்றவரிட்ட, கொஞ்சம் விலை கூடினாலும். தட்டுப்பாடு வரேக்க மாசா மாசம் வாங்கின முகத்துக்குத்தான் சாமான் தருவினம்.

கேள்வி: கனடாவில மச்சான் கடை வைச்சிருக்கிறார், எங்கட மிளகாய்த்தூளை அனுப்பச் சொல்லுறார். 479 என்டு தொடங்கிற பார்கோட் இருந்தா காணும்தானே? (வாசகர், கொக்குவில்)

பதில்: காணாது. 479 என்டது அந்த இலக்கத்தைத் தந்தது பார்கோட் இலக்கம் குடுக்கிற இலங்கை ஜீஎஸ்1 அமைப்பு என்டதை மட்டும்தான் காட்டும், தூள் நல்லதோ கெட்டதோ, எங்க செய்ததோ என்டெல்லாம் அதில இல்லை. கனடாவில 2019 ஜனவரியில இருந்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் இறுக்கம், இறக்குமதி செய்யிறவருக்கு லைசென்ஸ் வேணும், மச்சானிட்ட இருக்கோ என்டு முதல் கேளுங்கோ. லேபிள் ஆங்கிலத்திலயும் பிரெஞ்சிலயும் இருக்கோணும். பேந்து லண்டன், பாரிஸ் பக்கமும் அனுப்புற எண்ணம் இருந்தா பூஞ்சண நஞ்சு, அஃப்லாரொக்சின், அதுக்குப் பரிசோதனை. ஐரோப்பிய ஒன்றியத்தில மிளகாய்க்கு மொத்த அளவு கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல போகேலாது. அது செத்தலை வடிவாக் காய விடாததால வாறது, அரைச்ச பிறகு ஒண்டும் செய்யேலாது, அதால நிலத்தில பரவிக் காயப்போடுற ஆளிட்ட வாங்காதேங்கோ.

எல்லாத்துக்கும் முதல் பக்கற்றில ஒரு தொகுதி இலக்கம் அடியுங்கோ, அந்த இலக்கத்துக்கு நேர கொப்பியில எந்த யாவாரியின்ட செத்தல், எந்த நாள் அரைச்சது, எந்தெந்தக் கடைக்குப் போனது என்டு எழுதுங்கோ. ஒரு பெட்டியில பிழை பிடிச்சாங்கள் என்டா அந்த ஒரு தொகுதியைத் திருப்பி எடுக்கலாம், இலக்கம் இல்லாட்டி அனுப்பினது முழுக்கத் திரும்பி வரும், கப்பல் கூலி ரெண்டு பக்கமும் உங்கட. சூட்கேசுக்குள்ள ரெண்டு கிலோ வைச்சுக் குடுத்துவிடுறது வேற கதை, அதுக்கு என்னட்டக் கேக்கத் தேவையில்லை.