குழந்தைக்குப் போலந்து சிண்ட்ரோம் என்கிறார்கள். யார் செய்த தவறு இது? மதுரையில் சிகிச்சை உண்டா?

ஏழு மாதப் பெண் குழந்தை, வலது கை விரல்கள் ஒட்டிக் குட்டையாக இருக்கின்றன, அதே பக்கத்து மார்பும் ஒடுங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். யார் செய்த தவறு என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். யாருடைய தவறும் இல்லை. பெற்றவளுடையது நிச்சயமாக இல்லை.

என் மகனுக்கும் இதேதான். இப்போது அவனுக்கு ஒன்பது வயது. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பிறந்தபோதே வலது கையின் நடு மூன்று விரல்களும் ஒட்டியிருந்தன. நீளமும் மற்றக் கையில் பாதிதான். பிரசவம் பார்த்த தனியார் மருத்துவமனையில், "விரல் மட்டும்தான், வளர்ந்த பிறகு பிரித்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். துணியை விலக்கி மார்பைப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

கண்டுபிடித்தது என் அம்மா. காலை நீட்டி உட்கார்ந்து, பேரனைக் கால்மேல் கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை நிறுத்தினார். "இந்தப் பக்கம் சதையே இல்லையேப்பா, விலா எலும்பு தட்டுகிறதே" என்று என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். இடது அக்குளுக்கு முன்னால் மெத்தென்று ஒரு மடிப்பு இருந்தது. வலது பக்கம் அந்த மடிப்பே இல்லை. காம்பும் சிறுத்து, சற்று மேலேறி இருந்தது.

பிறகு மதுரையில் பார்த்த பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் அதே இடத்தில்தான் கையை வைத்தார். மார்பின் பெரிய தசையில் நெஞ்செலும்போடு சேரும் பகுதி இல்லாமல் பிறப்பதுதான் இந்தக் குறைபாட்டின் அடையாளம், ஒட்டிய விரல் அதோடு சேர்ந்து வருவது என்று விளக்கினார். மகனுக்கு மூன்று வயதானபோது அவர் செய்த சோதனை இன்னும் எளிது. கும்பிடு போடச் சொல்லி, உள்ளங்கைகளை நன்றாக அழுத்தச் சொன்னார். இடது மார்பில் தசை திரண்டது. வலது பக்கம் தோல் மட்டும் அசைந்தது.

போலந்து நாட்டிலிருந்து வந்த நோயா என்று உறவினர்கள் கேட்டார்கள். ஆல்ஃபிரட் போலந்து என்பவர் லண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராக இருந்தபோது, ஓர் உடலை அறுத்துப் பார்க்கையில் கண்டதை 1841இல் எழுதினார். அவர் பெயரைத்தான் 1962இல் இதற்கு வைத்தார்கள். எங்கள் வீட்டில் பெயரைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. கிரகணத்தன்று வெளியே போயிருப்பாள், அரிவாள்மனையில் காய் நறுக்கியிருப்பாள் என்று ஆளுக்கொன்று சொல்லி என் மனைவியைக் குத்திக்கொண்டே இருந்தார்கள். மருத்துவர் அவளை எதிரே உட்காரவைத்துச் சொன்னார்: கருவின் ஆறாவது வாரத்தையொட்டி, கைக்கும் மார்புக்கும் போகும் ரத்தக் குழாயில் ஓட்டம் குறைவதுதான் காரணம் என்று பெரும்பாலும் கருதுகிறார்கள். கர்ப்பம் என்றே பலருக்கு அப்போதுதான் தெரியவந்திருக்கும். பெரும்பாலும் பரம்பரையாக வருவதும் இல்லை. அன்று அவள் அழுத அழுகை வேறு மாதிரி இருந்தது.

கைக்கும் மார்புக்கும் எக்ஸ்ரே எடுப்பார்கள். இதயத்துக்கு எக்கோவும் சிறுநீரகத்துக்கு ஸ்கேனும் கேட்டு எடுத்துவிடுங்கள். இடது பக்கம் பாதித்த சிலருக்கு இதயமே வலப்புறம் இருக்கும்.

விரல் அறுவையைப் பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் செய்கிறார்கள். உங்கள் மகளுக்கு இப்போதே காட்டி நாள் குறிக்கலாம். ஒரே நாளில் எல்லா விரலையும் பிரித்துவிடக் கூடாதா என்று நானும் கேட்டேன். ஒரு விரலின் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் திறந்தால் அதற்கு ரத்தம் போவது தடைபடலாம். அதனால் நடுவிரலின் ஒரு பக்கத்தைப் பிரித்து, ஆறு மாதம் கழித்து மறுபக்கத்தைப் பிரித்தார்கள். நேர்கோட்டுத் தழும்பு சுருங்கி விரலை மடக்கிவிடும் என்பதால் வளைத்து வளைத்துக் கீறுகிறார்கள். பிரித்த விரல்களை மூட இருக்கிற தோல் போதாது; இடுப்பு மடிப்பிலிருந்து எடுத்து ஒட்டினார்கள். முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டு. அது இல்லாவிட்டால் குழந்தை உருவிவிடும். கட்டுப் பிரித்த பிறகு தழும்பைத் தினமும் நீவிவிட வேண்டும். அதைச் சோம்பாமல் செய்யுங்கள். வளர வளர விரலிடுக்கில் தோல் மேலேறக்கூடும் என்பதால் பல ஆண்டுகள் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

விரல் நீளமாகாது. அதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் இரண்டாவது கட்டுப் பிரித்த சில வாரங்களில், மனைவி மல்லிகை கட்டிக்கொண்டிருக்கும்போது இவன் தவழ்ந்து போய் வாழைநாரை எடுத்து, பிரித்த இரண்டு விரல்களுக்கு நடுவே செருகி இழுத்தான். அவள் கையிலிருந்த பூவைப் போட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டாள். இப்போது இடது கையால் எழுதுகிறான், வலது கையால் பிசைந்து சாப்பிடுகிறான்.

மார்புக்கு அவசரமில்லை. சிலருக்கு அந்தப் பக்கம் விலா எலும்பும் இல்லாமல் இருக்கும்; மூச்சை இழுக்கும்போது அந்த இடம் உள்வாங்கினால் மட்டும் முன்பே கவனிக்க வேண்டும். பெண் குழந்தை என்பதால் பின்னாளில் ஒரு மார்பகம் சிறுத்தே நிற்கலாம். பருவ வளர்ச்சி முடிந்த பிறகு முதுகுத் தசையைத் திருப்பி வைத்தோ, சிலிக்கோன் வைத்தோ, உடலின் கொழுப்பை எடுத்துச் செலுத்தியோ சரிசெய்யும் வழிகள் இருக்கின்றன. சிலருக்கு அந்த முதுகுத் தசையும் இருக்காது. அதைப் பார்த்த பிறகே முடிவெடுப்பார்கள். அவளுக்கு விவரம் தெரியும் வயதில் நீங்களே சொல்லிவிடுங்கள். பள்ளியில் யாரோ கேட்டு அவள் தெரிந்துகொள்ள வேண்டாம்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது, அங்கிருந்தே தொடங்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோய், இந்த அறுவைக்குச் செல்லுமா என்று முதல் நாளே கேளுங்கள். பாட்டியோ அத்தையோ ஒருவர் உடன் வரட்டும். மாவுக்கட்டுப் போட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு ஆரப்பாளையத்தில் பஸ் ஏற ஒரு ஆள் போதாது.