ஒரு நாள் பால் போதும், மகள்

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. மகனுக்கு மூன்று மாதம் முடிகிறது, லீவு முடிய இன்னும் இரண்டரைக் கிழமைதான். காலை 7.15க்கு வெளிக்கிட்டால் வீடு திரும்ப 5.45 ஆகும். மாமியார்தான் பிள்ளையைப் பார்ப்பார். “இப்பவே பால்மா பழக்கு” என்கிறார். பேஸ்புக்கில் சிலர் ஃப்ரீசர் நிறையப் பால் சேர்த்து வைத்திருக்கும் படங்களைப் பார்த்தால் எனக்கு நித்திரை வருவதில்லை. நான் பம்ப் பண்ணினால் 50 மி.லீ. தாண்டுவதில்லை. அலுவலகத்தில் பால் கொடுக்கும் நேரம் பற்றிக் கேட்டதற்கு, “லஞ்ச் நேரத்துக்குள் பார்த்துக்கொள்ளுங்கோ” என்றார்கள். ஆறு மாதம் வரை பால்மா இல்லாமல் சமாளிக்க முடியுமா?

பதில்:

முடியும். முதலில் அந்தப் பேஸ்புக் குழுவிலிருந்து ஒரு மாதத்துக்கு வெளியே வாருங்கள்.

நீங்கள் கணக்குப் பிரிவு, எனவே கணக்காகவே சொல்கிறேன். ஒரு மாதம் கடந்து ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை, நாளொன்றுக்குச் சராசரியாக 750 முதல் 800 மி.லீ. குடிக்கும். அந்த அளவு மாதாமாதம் ஏறிக்கொண்டே போவதில்லை. அதை 24ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 30 மி.லீ. சொச்சம் வரும். நீங்கள் வீட்டில் இல்லாதது பத்தரை மணித்தியாலம். ஆக 320 முதல் 350 மி.லீ. வரை இருந்தால் மகனின் பகல் கழிந்துவிடும். முதல் நாளுக்கு அந்த அளவும், சிந்தினால் கொட்டினால் என்று இன்னொரு நாள் பங்கும் இருந்தால் போதும். திங்கட்கிழமை அலுவலகத்தில் எடுக்கும் பாலைச் செவ்வாய்க்கிழமை மகன் குடிப்பான், செவ்வாய் எடுப்பது புதனுக்கு. இதற்கு ஃப்ரீசர் நிறையப் பால் எதற்கு?

அந்தச் சேமிப்பு எனக்கு ஏன் பிடிக்காது என்றால், 2022 மார்ச் கடைசியை நான் மறக்கவில்லை. பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. மாதக்கணக்காக இரவில் எழும்பி எழும்பிச் சேர்த்த பைகளைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டு வந்து அழுத தாய்மாரைத் தேற்றியவள் நான். ஃப்ரீசரில் ஆறு மாதம் இருக்கும் என்பது உண்மை, கரண்ட் இருந்தால்.

இப்போது உங்கள் 50 மி.லீ. மகன் குடித்து முடித்த பிறகுதானே பம்ப் பண்ணுகிறீர்கள்? அப்படியானால் அது குடித்தது போக மிச்சம். வங்கியில் சம்பளம் முழுவதையும் எடுத்துவிட்டு மீதியைப் பார்த்து “எனக்குச் சம்பளமே இல்லை” என்று சொல்வதுபோல் இருக்கிறது உங்கள் கவலை. பம்பில் வருவது உங்கள் பாலின் அளவே அல்ல. மகன் நாளுக்கு ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்கிறானா, கிளினிக் பதிவேட்டில் அவனுடைய எடைக்கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் பால் போதும். எடைக்கோடு படுத்திருந்தால் மாநகர சபைக் கிளினிக்குக்கு நேரே போங்கள், மருந்துக் கடைக்கல்ல.

மருந்துக் கடை என்றதும் கை பரபரக்கிறது. குழந்தைப் பால்மாவைத் தாய்மாரிடம் விளம்பரப்படுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1981 இலேயே விதிக்கோவை போட்டது. அதன் வழியில் நம் நாட்டிலும் விதிக்கோவை இருக்கிறது. ஆனாலும் “பால் பத்தாட்டி ராவைக்கு மட்டும் ஒன்று குடுங்கோ” என்று கவுண்டருக்குப் பின்னால் நின்று சொல்கிறவர்கள் குறையவில்லை. அந்த ராப் போத்தல்தான் பால் குறைவதன் தொடக்கம். இராத்திரியில் பிள்ளை உறிஞ்சினால் மறுநாளுக்குப் பால் ஊறும். அதை நிறுத்திவிட்டு, “எனக்குப் பால் வற்றிவிட்டது” என்று என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்! நீங்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் மகன் பகலில் குறைத்துக் குடித்து இரவில் கூட்டிக் குடிப்பான். நித்திரை போகும், உண்மைதான். ஆனால் அது நல்ல அறிகுறி.

பம்ப் விஷயத்துக்கு வருவோம். “இரண்டு மாதம்தான் பாவித்தது, அரை விலை” என்று இணையத்தில் விற்கிற பம்பை வாங்க வேண்டாம். வீட்டுப் பாவனைப் பம்புகளில் பல ஒரு தாய்க்கு மட்டும் என்றே செய்யப்பட்டவை. பால் ஈரம் குழாய்க்குள்ளும் மோட்டருக்குள்ளும் போகும். வெளியே கழுவலாம், உள்ளே எப்படிக் கழுவுவது? ஒருத்தி கொண்டுவந்த குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், உட்சுவரில் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம். விற்றவர் போன் எடுக்கவில்லை. புதியது வாங்கினாலும் மார்பில் பொருத்தும் புனலின் அளவைப் பாருங்கள். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 24 மி.மீ. அது எல்லோருக்கும் பொருந்தாது. முலைக்காம்பு புனலின் சுவரில் உரசி நோகிறதென்றால் இழுவிசையைக் கூட்டாதீர்கள், புனலை மாற்றுங்கள். விற்பனைப் பிள்ளைகள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

பம்ப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எங்கள் பெரியாஸ்பத்திரிகளில் தாய்மாருக்குக் கையால்தான் சொல்லிக் கொடுக்கிறோம். கையைக் கழுவி, பெருவிரலை மேலேயும் சுட்டுவிரலைக் கீழேயும் காம்பிலிருந்து இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி, விடுங்கள். தோலின் மேல் விரல் வழுக்கக் கூடாது, இழுக்கவும் கூடாது. முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே வராது, பிறகு சீறும். ஒரு வாய் அகன்ற கோப்பை போதும். அலுவலகத்தில் பம்பின் சார்ஜ் தீர்ந்த நாளில் இந்தக் கைப்பழக்கத்தை நினைத்துக்கொள்வீர்கள்.

இனி அலுவலகம். இங்கேதான் எனக்குக் கோபம் வரும். சுவர் சுவராக “ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்” என்று ஒட்டுகிறார்கள். தனியார் துறைப் பெண்ணுக்கு லீவு 84 வேலை நாள், அதிலும் 14 நாள் பிரசவத்துக்கு முன்னால். மிச்சம் எத்தனை மாதம் வருகிறது என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். போஸ்டர் அடித்தவரும் சட்டம் எழுதியவரும் ஒரே மேசையில் உட்காரவேயில்லை போலும்.

ஆனால் இருப்பதையாவது விடாமல் வாங்குங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு ஒன்பது மணித்தியாலத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளை கொடுக்க வேண்டும். தொழிற்சாலை, தோட்டப் பெண்களுக்கு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில் முன்பே இருந்த ஏற்பாடு இது. 2018 திருத்தத்தோடு கடை, அலுவலக ஊழியர் சட்டத்துக்கும் வந்துவிட்டது. இது சாப்பாட்டு நேரத்துக்குப் புறம்பானது. “லஞ்ச் நேரத்துக்குள்” என்று உங்களிடம் சொன்னவருக்குச் சட்டம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார்.

நேரம் எவ்வளவு? ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று நடப்பது அங்கேதான். நிறுவனமே பிள்ளைக் காப்பகமோ பால் கொடுக்கத் தகுந்த வேறு இடமோ வைத்திருந்தால் அரை மணித்தியாலம் போதும் என்கிறது சட்டம். பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறது, நடந்து போகிற நேரம் மிச்சம் என்ற நினைப்பில் எழுதியது. இதைப் பிடித்துக்கொண்டு சில முகாமையாளர்கள் பழைய ஃபைல் அறையில் ஒரு கதிரையைப் போட்டு, “இடம் தந்தாச்சு, இனி அரை மணித்தியாலம்” என்கிறார்கள். உங்கள் மகன் வெள்ளவத்தையில், ஃபைல் அறை கோட்டையில். அங்கே எந்தப் பிள்ளைக்குப் பால் கொடுப்பது? அந்த அறையில் பிள்ளையை வைத்துப் பார்க்க ஆளும் வசதியும் உண்டா என்று பணிவாக, எழுத்தில் கேளுங்கள். இல்லையென்று பதில் வந்தால் அரை மணித்தியாலக் கதை நிற்காது. மறுபக்கம், ஒரு மணித்தியாலத்தில் காலி வீதி பஸ்ஸில் வெள்ளவத்தை போய், பால் கொடுத்து, திரும்பவும் முடியாது. ரயிலில் ஐந்தாவது தரிப்பிடம்தான், ஆனால் மத்தியானத்தில் ரயில் உங்களுக்காகக் காத்திருக்காது. எனவே முதல் இடைவேளையில் பாலை எடுத்துவிட்டு, இரண்டாவதை நாள் முடிவில் வைத்து ஒரு மணித்தியாலம் முந்தி வெளிக்கிட அனுமதி கேளுங்கள். அது பேசித் தீர்க்க வேண்டிய ஏற்பாடு. ஒத்துக்கொண்டால் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறப்புச் சான்றிதழின் பிரதியோடு வேண்டுகோளை இந்தக் கிழமையே அனுப்புங்கள். மறுத்தால் தொழில் திணைக்களம் இருக்கிறது, தலைமையகம் நாரஹேன்பிட்டியில். முறைப்பாட்டுக்குக் கட்டணமில்லை. வாசலில் நின்று “ஃபோம் நிரப்பித் தாறன்” என்கிறவருக்கு ஐந்து சதமும் கொடுக்க வேண்டாம், தமிழில் நீங்களே எழுதலாம்.

பாலைக் காப்பது இனி. அறை வெப்பத்தில் நான்கு மணித்தியாலம் இருக்கும் என்று புத்தகங்கள் சொல்வது 25 பாகை வரைக்கும். கொழும்பில் ஏ.சி. இல்லாத இடத்தில் 25 பாகை எங்கே இருக்கிறது? எடுத்த உடனே குளிரில் வையுங்கள். அலுவலக ஃப்ரிட்ஜில் வைத்தால் உள்ளே பின்பக்கமாக, கதவில் அல்ல. வெளியே தெரியாத சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் “இது என்ன தயிரா?” என்ற கேள்வி வராது. ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் ஐஸ் பொதியோடு கூலர் பை 24 மணித்தியாலம் தாங்கும். வீட்டு ஃப்ரிட்ஜில் நான்கு நாள். உறையவைத்து இளகியதை ஒரு நாளுக்குள் முடிக்க வேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது. மேலே ஆடை பிரிந்து நிற்பது பழுதில்லை, மெல்ல ஆட்டினால் சேரும். பம்ப் துண்டுகளைத் தேநீர் அறைத் தொட்டிக்குள் நேரே போட்டுக் கழுவாதீர்கள், அதற்கென்று சின்னப் பேசின் ஒன்று கொண்டு போங்கள்.

மாமியாரைப் பகைக்காதீர்கள். அவர்தான் உங்களுக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம். என் மகளுக்கு ஆள் தேவைப்பட்டபோது ஒரு ஏஜென்சி ஒரு மாதச் சம்பளத்தைத் தரகாக வாங்கிக்கொண்டு ஒரு பெண்ணை அனுப்பியது. மூன்றாம் கிழமை அவளே இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டாள், அனுப்பியதும் அதே ஏஜென்சிதான். மாமியாரிடம் பாலைச் சுடுதண்ணீர்க் கோப்பைக்குள் வைத்து இளஞ்சூடாக்கவும், சின்னக் கப்பால் கொடுக்கவும் காட்டிக் கொடுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், ஒரு பக்கம் கொதித்து மறுபக்கம் குளிர்ந்திருக்கும். கப்பைக் கீழுதட்டில் வைத்துச் சரித்தால் அவனே நக்கிக் குடிப்பான். வாய்க்குள் ஊற்றக் கூடாது. ஒரு தடவைக்கு 60 மி.லீ. சூடாக்கினால் போதும், கேட்டால் மறுபடி. குடித்து மிஞ்சியதை இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு கொட்டிவிட வேண்டும். பழக்கும்போது நீங்கள் வீட்டில் இருக்காதீர்கள், கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். உங்கள் வாசம் மூக்கில் பட்டால் கப்பைத் தொட மாட்டான். முதல் நாள் கத்துவான், நாலாம் நாள் வாயைத் திறப்பான்.

இன்னொன்று. வேலைக்குத் திரும்பும் நாளைத் திங்கட்கிழமையாக வைக்காமல் வியாழக்கிழமையாக வைக்க முடியுமா என்று கேளுங்கள், ஆண்டு லீவில் மூன்று நாள் போனாலும் பரவாயில்லை. இரண்டு நாள் வேலை, பிறகு சனி ஞாயிறு முழுக்க மகன் உங்கள் மடியில். வெள்ளி பின்னேரம் பால் குறைந்ததுபோல் தோன்றினாலும் ஞாயிறு இரவுக்குள் திரும்ப ஊறிவிடும்.